நாவலும் எடிட்டரும்: முதல் வரைவிலிருந்து அச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க நாவல் உலகில் இன்றுவரை அதிகம் பேசப்படும் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். நியூயார்க்கில் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹெமிங்வே, தாமஸ் உல்ஃப் மூவருடைய நாவல்களும் அவர் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின. ஆனால் அவருக்கு எழுத்துப்பிழை பார்க்க வராது. 1920இல் அவர் கொண்டுவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவலில் பிழைகள் மலிந்து கிடந்தன. பத்திரிகையில் பத்தி எழுதிய ஒருவர் அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் போட்டே கிண்டல் செய்தார்.

ஆனால் அந்த நாவல் வெளிவந்ததே பெர்கின்ஸால்தான். 1918இல் வேறு தலைப்பில் வந்த அதன் முந்தைய வடிவத்தை ஸ்க்ரிப்னர்ஸ் திருப்பி அனுப்பியது. ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்பட்ட கதையைப் படர்க்கைக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னவர் பெர்கின்ஸ். எழுதியவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, பெயரே தெரியாத பையன். 1919 கோடையில் அவன் திருத்தி எழுதி அனுப்பியதும், பதிப்பகத்தின் மூத்தவர்களோடு வாதாடி அதை ஏற்கவைத்தவரும் பெர்கின்ஸ்தான்.

எடிட்டர் என்றதும் ஒற்றுப்பிழை திருத்துபவர் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் கையில் இருக்கும் நாவல் அப்படியேதான் இருக்கும். க், ச், த், ப் மட்டும் சரியான இடத்தில் இருக்கும். முதல் நாவலை எழுதி முடித்தவர்களுக்கும், முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் எழுதியது இந்த வழிகாட்டி. பதிப்பகம் எடிட்டரை ஏற்பாடு செய்தாலும், நீங்களே காசு கொடுத்து வைத்துக்கொண்டாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்.

படி 1: எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நாவல் எடிட்டிங் என்ற பேரில் நான்கு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. முதலாவது கட்டமைப்பு: கதை எங்கே தொடங்க வேண்டும், யார் சொல்ல வேண்டும், எந்தப் பாத்திரம் வெறும் பெயராகவே நிற்கிறது, எந்த ஐம்பது பக்கம் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வரி எடிட்டிங்: வாக்கியம் வாக்கியமாக நடையைப் பார்ப்பது. மூன்றாவது காப்பி எடிட்டிங்: சந்தி, நிறுத்தக்குறி, பெயர்களின் எழுத்து, தேதி, வயது, ஊர்களுக்கு இடையிலான தூரம். நான்காவது மெய்ப்பு: பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு அச்சுப்படியைப் பார்ப்பது.

வரிசை மாறக் கூடாது. நீக்கப்போகும் அத்தியாயத்துக்குச் சந்தி பார்த்து என்ன பயன்? தமிழில் பெரும்பாலும் நடப்பது, முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காவதுக்குப் போவதுதான். ‘எடிட் செய்யப்பட்டது’ என்று சொல்லி வரும் பல நாவல்களுக்கு மெய்ப்பு மட்டுமே பார்த்திருப்பார்கள்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தமிழ் நாவலின் பெரும்பகுதி வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையாக வளர்ந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. எழுதியவரே பத்திரிகையின் ஆசிரியர். பத்தாம் அத்தியாயம் கடைக்குப் போன பிறகு, நாற்பதாம் அத்தியாயத்துக்காக அதைத் திருத்த முடியாது. புத்தகமாக வரும்போதாவது முழுசாக உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் வாசகர் ஏற்கெனவே கொண்டாடிய கதையில் யார் கை வைப்பார்கள்? ‘இந்த வாரம் எங்கே தொடரும் போடுவது’ என்ற கேள்வியில் நம் பத்திரிகை ஆசிரியர்கள் கில்லாடிகள். முழு நாவலையும் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளுக்குத்தான் இடமே இல்லாமல் இருந்தது.

இன்னொரு பக்கம் உ.வே. சாமிநாதையர் மரபு இருக்கிறது. 1887இல் அவர் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டு ஆசிரியர் எழுதிய சொல் எது என்று தேடினார். அபாரமான உழைப்பு. ஆனால் அது இறந்துபோன ஆசிரியரின் சொல்லைக் காப்பாற்றும் வேலை. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் ‘இந்தச் சொல் எதற்கு?’ என்று கேட்பது வேறு. அந்த இரண்டாவது வேலையைத் தமிழில் ஒரு பதிப்பகத்தின் அன்றாட நடைமுறையாக்கியவர்களில் முக்கியமானவர் 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன். 2020இல் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அவர் வெளியிட்ட புத்தகங்களுக்கு இணையாக அவருடைய எடிட்டிங்கும் பேசப்பட்டது.

படி 2: பிரதியை ஒதுக்கி வையுங்கள், பிறகு அட்டவணை போடுங்கள்

முதல் வரைவு முடிந்த அன்றே எடிட்டருக்கு அனுப்பாதீர்கள். சில வாரங்களாவது திறக்காமல் வையுங்கள். அப்புறம் அச்செடுத்துப் படியுங்கள். திரையில் படிக்கும்போது கண் தானாகத் திருத்தத் தொடங்கிவிடும். தாளில் படித்தால் வாசகரைப் போலப் படிக்கலாம்.

படித்து முடித்ததும் காட்சி அட்டவணை ஒன்று தயாரியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரிசை. எத்தனாவது அத்தியாயம், எந்த இடம், கதைக்குள் எந்த நாள், யார் கண் வழியாகப் பார்க்கிறோம், காட்சி தொடங்கும்போது இருந்த நிலைக்கும் முடியும்போது இருக்கும் நிலைக்கும் என்ன வித்தியாசம். அட்டவணையின் இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் எழுத ஒன்றும் கிடைக்காமல் ‘பேசிக்கொள்கிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் அந்தக் காட்சிக்கு ஒரு குறி போடுங்கள். தொடர்ந்து நான்கைந்து குறி விழுந்த இடத்தில் வாசகர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போடப் போவார்.

இந்த அட்டவணையில் கண்ணில் படும் கோளாறுகளை நீங்களே சரி செய்யுங்கள். உங்களுக்கே தெரிந்த குறையை எடிட்டர் வாயால் கேட்பதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை, ஆனால் எங்கோ இடிக்கிறது என்ற நிலைக்கு வரும்போதுதான் பிரதி எடிட்டருக்குத் தயார்.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய எழுத்தாளர் நல்ல எடிட்டராக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் நேர்மாறாக நடக்கும். உங்கள் நாவலைத் தன் நாவலாக எழுதிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நீங்கள் மனதில் வைத்திருக்கும் எடிட்டர் இதுவரை எடிட் செய்த புத்தகங்களை வாங்கிப் படியுங்கள். ஒரே எடிட்டரின் கைபட்ட மூன்று ஆசிரியர்களும் ஒரே மாதிரி ஒலித்தால் விலகிக்கொள்ளுங்கள். பெர்கின்ஸ் மேஜையைத் தாண்டி வந்த ஹெமிங்வேயின் குட்டை வாக்கியமும் உல்ஃபின் முடிவில்லாத வாக்கியமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அதுதான் அடையாளம்.

முழுப் பிரதியையும் ஒப்படைக்கும் முன் ஓர் அத்தியாயத்தை மாதிரிக்குக் கொடுங்கள். தொடக்க அத்தியாயம் வேண்டாம், அதை நீங்கள் பத்து முறை மெருகேற்றியிருப்பீர்கள். நடுவிலிருந்து, உங்களுக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றைக் கொடுங்கள். திரும்பி வரும்போது அதில் திருத்தங்கள் எத்தனை என்று எண்ண வேண்டாம். கேள்விகள் என்ன என்று பாருங்கள். ‘இந்த வரி நன்றாக இல்லை’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்த இடத்தில் இவள் ஏன் கிளம்பிப் போகாமல் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை’ என்பதை வைத்து ஓர் அத்தியாயத்தையே மீட்கலாம்.

தெரிந்தவர், நண்பர் என்றாலும் எழுத்தில் ஒரு உடன்பாடு இருக்கட்டும். மேலே சொன்ன நான்கு வேலைகளில் எவை, எத்தனை சுற்று, எந்தத் தேதிக்குள், பணம் சொல்லுக்கா பக்கத்துக்கா மொத்தமாகவா, பாதியில் நின்றால் என்ன கணக்கு. இவற்றோடு ஒரு வரி கட்டாயம்: திருத்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கடைசி முடிவு ஆசிரியருடையது. நம் ஊரில் இதைக் கேட்கக் கூச்சப்படுவோம். கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு முகநூலில் சண்டை போடுகிறார்கள்.

படி 4: பிரதியை ஒழுங்காகக் கொடுங்கள்

யூனிகோடில், ஒரே கோப்பாக, பக்க எண்ணோடு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்; மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறுவது சகஜம். வேர்டோ கூகுள் டாக்ஸோ, திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியை இயக்கியே எடிட்டர் வேலை செய்ய வேண்டும். என்ன மாறியது என்று தெரியாத பிரதியைத் திரும்ப வாங்காதீர்கள்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். நாவல் எதைப் பற்றியது, எந்த ஊர், எந்த ஆண்டுகள், பேச்சுவழக்கு எந்தப் பகுதியுடையது, எதைத் தொடக் கூடாது, உங்களுக்கே சந்தேகம் இருக்கும் இரண்டு மூன்று இடங்கள் எவை. அதிகம் எழுதிவிடாதீர்கள். நாவல் சொல்லத் தவறியதை நீங்கள் குறிப்பில் சொல்லிவிட்டால் எடிட்டருக்கு அந்தக் குறை தெரியாமலே போய்விடும்.

படி 5: கடிதம் வந்ததும் என்ன செய்வது

கட்டமைப்பு எடிட்டரின் முதல் பதில் பெரும்பாலும் ஒரு கடிதமாக வரும். சில பக்கங்கள் இருக்கும். நாவலின் விதியைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, கடிதங்களும் பதில்களும் முழுக்க அச்சில் கிடைக்கின்றன.

1924 அக்டோபர் இறுதியில் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிரான்சிலிருந்து பிரதியை அனுப்பினார். நவம்பர் 20 தேதியிட்டு பெர்கின்ஸ் நீண்ட கடிதம் எழுதினார். நிறையப் பாராட்டு, அது மரியாதைக்கு எழுதியது அல்ல, எந்தக் காட்சி எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பிட்டுச் சொன்ன பாராட்டு. பிறகு குறைகள். நாவலின் நாயகன் கேட்ஸ்பி மங்கலாக இருக்கிறான், வாசகரின் கண் அவன்மேல் குவியவே மாட்டேன் என்கிறது என்றார். அதே நாவலில் வரும் டாம் புக்கானனைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்து ஒதுங்கிவிடுவேன், ஆனால் கேட்ஸ்பி அப்படி இல்லை என்பது அவர் வாதம். கேட்ஸ்பிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயமாவது வேண்டும் என்றார். முழு விளக்கம் கேட்கவில்லை. மூன்றாவதாக, கேட்ஸ்பியின் பழைய வாழ்க்கையை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டியிருப்பது இந்த நாவலின் மற்ற பகுதிகள் நடக்கும் விதத்தோடு ஒட்டவில்லை, கதையின் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தில் இல்லாததைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தைக்கூட அவர் மாற்றி எழுதிக் காட்டவில்லை. சில யோசனைகள் சொன்னார்: கேட்ஸ்பி எல்லோரையும் கூப்பிடும் ‘ஓல்ட் ஸ்போர்ட்’ என்ற சொல் ஏற்கெனவே அவன் வாயில் இருப்பதுபோல உடல் தோற்றத்திலும் ஏதாவது ஒன்று இருக்கலாம் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டுவது எடிட்டரின் வேலை, வைத்தியம் ஆசிரியருடையது. இந்தப் பிரிவினை தெரிந்த எடிட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பதில் இன்னும் சுவாரசியம். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது எனக்கே தெரியாமல்தான் எழுதினேன், நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் மூடி மறைத்ததாக நினைத்த ஓட்டையை எடிட்டர் வெறும் வாசிப்பு அனுபவத்திலிருந்தே பிடித்திருக்கிறார். ரோமில் தங்கியிருந்த அந்தக் குளிர்காலத்தில், அச்சுக்கோத்து வந்த நீளப் படிகளிலேயே ஃபிட்ஸ்ஜெரால்ட் நாவலைத் திரும்ப எழுதினார். கேட்ஸ்பியின் இளமைக் காலத்தை உடைத்து, ஒரு பகுதியை முன்னதாகவே, ஆறாம் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்தார். எந்தப் பகுதி எங்கே வர வேண்டும் என்று பெர்கின்ஸ் சொல்லவில்லை. 1925 ஏப்ரல் 10ஆம் தேதி நாவல் வெளிவந்தது.

இனி உங்களுக்கு வரும் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள். கோபம் வரும். அந்தக் கோபத்தோடு பதில் எழுதாதீர்கள், தொலைபேசியிலும் கூப்பிடாதீர்கள். சில நாள் கழித்துக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு குறையையும் இரண்டாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள்: வாசகராக அவருக்கு என்ன ஆயிற்று, அதற்கு அவர் சொல்லும் தீர்வு என்ன. முதலாவதை அநேகமாக எப்போதும் நம்பலாம். ஒருவருக்குச் சலித்தது என்றால் சலித்தது; அதில் வாதாட ஒன்றும் இல்லை. இரண்டாவதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

உதாரணத்துக்கு, ‘ஏழாம் அத்தியாயம் இழுக்கிறது, பாதியாகக் குறையுங்கள்’ என்று எடிட்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கிறது என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் காரணம் ஏழில் இல்லாமல் மூன்றில் இருக்கலாம். அண்ணன் தம்பி இருவருக்கும் அந்த வீட்டு மனைமேல் இருக்கும் ஆசையை மூன்றாம் அத்தியாயத்தில் சரியாக ஊன்றவில்லை என்றால் ஏழில் வரும் பாகப்பிரிவினைப் பேச்சு எவ்வளவு குறைத்தாலும் இழுக்கத்தான் செய்யும். மூன்றில் அரைப் பக்கம் சேர்த்தால் ஏழைத் தொடவே வேண்டியிருக்காது.

படி 6: பெரிய மாற்றத்துக்குத் துணியுங்கள்

சில நேரம் கடிதம் ஓர் அத்தியாயத்தோடு நிற்காது. நாவலே வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லும்.

1957இல் ஹார்ப்பர் லீ என்ற, அதுவரை ஒரு புத்தகமும் வெளியிடாத பெண் லிப்பின்காட் பதிப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தார். நியூயார்க்கிலிருந்து அலபாமாவில் இருக்கும் ஊருக்குத் திரும்பி வரும் வளர்ந்த பெண்ணின் கதை. எடிட்டர் டே ஹோஹாஃப் அதில் நினைவுகளாக வந்த சிறுவயதுப் பகுதிகளில் மனம் பறிகொடுத்தார். அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவல் எழுதச் சொன்னதும் அவர்தான் என்று லீயே பல்லாண்டு கழித்துத் தன் அறிக்கையில் சொன்னார். திரும்பத் திரும்ப எழுதி, 1960 ஜூலையில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. முதலில் கொடுத்த பிரதி 2015இல் தனி நாவலாக அச்சானதால், இப்போது யார் வேண்டுமானாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எடிட்டிங் கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் இரண்டையும் படித்தே ஆக வேண்டும்.

வில்லியம் கோல்டிங்குக்கு நடந்தது இதைவிடச் சிக்கனமானது. பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய அவருடைய பிரதியை லண்டனில் ஃபேபர் பதிப்பகத்தின் வாசிப்பாளரும் குப்பை என்று குறிப்பெழுதி ஒதுக்கிவிட்டார். 1953இல் வேலைக்குப் புதிதாக வந்திருந்த சார்லஸ் மாண்டித் அதை எடுத்துப் படித்தார். தொடக்கப் பக்கங்களில் அணுகுண்டுப் போர் விவரிக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பையன்களிலிருந்தே கதையைத் தொடங்கலாம் என்றார். சைமன் என்ற சிறுவனைச் சுற்றியிருந்த வெளிப்படையான தெய்வீகத்தையும் தணிக்கச் செய்தார். தலைப்பும் மாறி 1954 செப்டம்பரில் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ ஆனது.

முதல் நாவல் எழுதுபவர்கள் எல்லோருக்கும் மாண்டித்தின் கேள்வி பொருந்தும்: உங்கள் நாவல் உண்மையில் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது? ஊரின் வர்ணனை, குடும்பத்தின் மூன்று தலைமுறை, தாத்தா நிலம் வாங்கிய கதை எல்லாம் உங்களுக்கு நாவலுக்குள் நுழைய உதவிய படிக்கட்டு. வாசகர் அதில் ஏற வேண்டுமா என்று எடிட்டரைக் கேளுங்கள்.

பழைய பிரதியை அழிக்காமல் தேதியோடு தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். திரும்பிப் போக வழி இருந்தால் கை தைரியமாக வெட்டும்.

படி 7: வரிக்கு வரி

கட்டமைப்பு நிலைத்த பிறகுதான் இங்கே வர வேண்டும். தமிழ் நாவலுக்கு மட்டுமே உரிய சிக்கல்கள் இந்தப் படியில்தான் கிளம்பும்.

முதலில் பேச்சுவழக்கு. நெல்லைக்காரர் எழுதிய உரையாடலைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர் ‘வந்தாங்க’ என்று பொதுப்பேச்சாக மாற்றிவிட்டால் பாத்திரமே போயிற்று. உறவுப் பெயரில் இன்னும் ஆபத்து. நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் நடுவயதுப் பெண்ணையும் ஆச்சி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கொங்கில் அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. யாழ்ப்பாணத்துப் பாத்திரம் பேசினால் கதையே வேறு. எடிட்டருக்கு அந்த வட்டாரம் பரிச்சயமில்லை என்றால் உரையாடலைத் தொடாமல் கேள்வி மட்டும் போடச் சொல்லுங்கள். அதே நேரம் ஆசிரியரும் ஒன்றைச் செய்ய வேண்டும்: ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘வந்தாக’ என்றும் மறு பக்கத்தில் ‘வந்தாங்க’ என்றும் பேசினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். மேலதிகாரி முன்னால் பேச்சு மாறுவது காரணம். தட்டச்சு செய்யும்போது மறந்தது காரணம் இல்லை.

இதற்காகவே ஒரு நடைக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, பிறந்த ஆண்டு, ஒவ்வொருவரும் மற்றவரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது (ஆபீஸா ஆஃபீஸா, கோவிலா கோயிலா), எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா, பேச்சுவழக்கில் ஒற்று போடுவதா. எடிட்டரும் நீங்களும் இதே ஏட்டைப் பயன்படுத்தினால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது கதைசொல்லியின் வாக்கியங்கள். ஒரு மாதிரி:

‘கதவு அவளால் மெல்லத் திறக்கப்பட்டது. அவள் கண்களில் விவரிக்க முடியாத சோகம் குடிகொண்டிருந்தது.’

சாதாரண எடிட்டர் இதை ‘அவள் கதவை மெல்லத் திறந்தாள். கண்களில் சோகம்’ என்று மாற்றுவார். தவறில்லை. நல்ல எடிட்டர் ஓரத்தில் இப்படிக் கேட்பார்: ‘இந்த அத்தியாயம் முழுக்கத் தம்பியின் பார்வையில் போகிறது. அவன் திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். அவள் கண்களை யார் பார்த்தது?’ இந்தக் கேள்விக்குப் பிறகு நீங்கள் அந்த வரியைத் திருத்த மாட்டீர்கள். தம்பிக்குக் கேட்டது என்ன என்று யோசிப்பீர்கள்: கீல் சத்தம், வளையல், ஒருவேளை அவள் நிற்கும் இடைவெளி.

மற்றவை சிறியவை, ஆனால் எடிட்டரின் பட்டியலில் இருக்க வேண்டும். அம்மா இறந்து மூன்று மாதம் என்று ஓர் இடத்திலும், அதே வாரத்தில் நடக்கும் இன்னொரு காட்சியில் தலைத்திதி முடிந்துவிட்டது என்றும் வருவது. ஐப்பசியில் தொடங்கிய மழை இரண்டு நாளில் சித்திரை வெயிலாக மாறுவது. 1985இல் நடக்கும் கதையில் கைப்பேசி ஒலிப்பது. எழுதியவர் கண்ணுக்கு இவை தெரியவே தெரியாது.

படி 8: மறுக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எடிட்டரின் மதிப்பைப் பேசும்போது இந்தப் பக்கத்தை மறைப்பது நேர்மையில்லை. சிறுகதைக்காரர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் வெட்டிய விதம் இன்றும் சர்ச்சை. சில கதைகளில் பாதிக்கு மேல் போயிற்று, முடிவுகள் மாறின. 1980 ஜூலையில் கார்வர் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி லிஷுக்கு மன்றாடும் கடிதம் எழுதினார். ஆனால் புத்தகம் லிஷின் வடிவத்தில்தான் வந்தது. கார்வருக்குப் பெரும் புகழும் அதனால்தான் கிடைத்தது. வெட்டுக்கு முந்தைய வடிவம் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2009இல் தனியாக வெளிவந்தது. லிஷ் வெட்டிய வடிவத்தில் அந்தக் கதைகள் இறுக்கமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டையில் இருந்த பெயர் கார்வருடையது. ஆசிரியர் வேண்டாம் என்று கெஞ்சிய பிறகும் செய்யப்பட்டதை எடிட்டிங் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த இடத்தில் மறுக்கலாம்? எடிட்டரின் திருத்தத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கிறது, ஆனால் உங்கள் பாத்திரம் பேசுவதுபோல இல்லை என்றால் மறுக்கலாம். சாதி, மதம், உடல் பற்றிய ஒரு வரியைப் ‘பிரச்சினை வரும்’ என்ற ஒரே காரணத்துக்காக நீக்கச் சொன்னால், அது இலக்கியக் கருத்தா வணிகக் கருத்தா என்று கேளுங்கள். இரண்டும் மதிக்க வேண்டியவைதான். ஒன்றை இன்னொன்றின் வேடத்தில் வர விடாதீர்கள். மறுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அது பிடிவாதமாக இருக்கலாம்.

ஒரே இடத்தை எடிட்டரோடு வேறு இருவரும் குறித்திருந்தால் மறுக்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

படி 9: மெய்ப்பு

பக்க வடிவமைப்பு முடிந்த படியைக் கதையை அறியாத ஒருவர் பார்க்கட்டும். நீங்களும் எடிட்டரும் இதற்குள் பிரதியை மனப்பாடம் செய்திருப்பீர்கள். இல்லாத எழுத்தும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். வரி முடிவில் சொல் உடைந்த இடங்கள், கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலும் விழுந்த இடங்கள், பக்கத் தலைப்பு, அத்தியாய எண். இந்தக் கட்டத்தில் புதிய வாக்கியம் சேர்க்கும் ஆசை வரும். ஃபிட்ஸ்ஜெரால்ட் சேர்த்தாரே என்று கேட்கலாம். அவருக்கு ஸ்க்ரிப்னர்ஸ் இடம் கொடுத்தது.

எடிட்டர் வைக்க வசதியில்லை என்றால்

நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. கட்டமைப்புக் கடிதத்துக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள். மற்ற மூன்றையும் விட அது நாவலுக்கு அதிகம் செய்யும். அதுவும் முடியாவிட்டால் நாவல் படிக்கும் பழக்கமுள்ள, நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று பொய் சொல்லாத நான்கு பேரிடம் கொடுங்கள். எழுத்தாளர்களாக இருக்க வேண்டியதில்லை. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பாத்திரத்தின் பெயர் மறந்துபோயிற்று, எங்கே ஒருமுறை திரும்பிப் போய்ப் படித்தீர்கள் என்று கேளுங்கள். பக்க எண்ணாகப் பதில் வாங்குங்கள். நான்கு பேரின் எண்களும் கூடும் இடத்துக்குப் போய்ப் படி 2இன் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றிப் பக்கத்தில் பெயர்

எடிட்டரின் பெயரை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். நன்றி சொல்வதும் சில நேரம் இருவரையும் பிரித்துவிடும். தாமஸ் உல்ஃபின் முதல் நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் வந்த மூட்டை. பெர்கின்ஸோடு உட்கார்ந்து பல்லாயிரம் சொற்களைக் குறைத்துத்தான் 1929இல் வெளிவந்தது. 1935இல் அடுத்த நாவலைப் பெர்கின்ஸுக்கே சமர்ப்பித்தார் உல்ஃப். மறு ஆண்டு, அந்த நாவல் உருவான கதையையும் விரிவாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்த விமர்சகர் பெர்னார்ட் டிவோட்டோ, இந்த மனிதரின் நாவல்களைப் பதிப்பகம்தான் கோத்துத் தருகிறது என்று எழுதினார். அந்தச் சொல் உல்ஃபைக் குத்தியது. எடிட்டர் இல்லாமலும் தன்னால் முடியும் என்று காட்ட வேண்டிய நெருக்கடியும் சேர, 1937இல் அவர் ஸ்க்ரிப்னர்ஸை விட்டு ஹார்ப்பர் பதிப்பகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே, முப்பத்தெட்டு வயது நிறையும் முன் இறந்துபோனார். தன் எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உயிலில் அவர் பெர்கின்ஸிடம்தான் ஒப்படைத்திருந்தார்.